வல்லரசு வேண்டாமென்ற பேங்குகள்

மழை விட்டு இரண்டு நாள் ஆகியும் கணேசபுரம் சப்வேயில் தண்ணீர் வடியவில்லை. சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும் என்று ஆட்டோக்காரர் நாற்பது ரூபாய் கூடக் கேட்டார். செங்கொடி பேரம் பேசவில்லை. மடியில் ஒரு மூட்டை, காலடியில் இரண்டு மூட்டை. எண்ணூர் பக்கத்துக் கன்டெய்னர் யார்டு ஒன்றின் ஆட்களுக்காக அவள் தைத்த பாய்லர் சூட்டுகள். சட்டையும் பேன்ட்டும் ஒன்றாகச் சேர்ந்து, நெஞ்சிலும் முழங்காலுக்குக் கீழேயும் மின்னுகிற பட்டை வைத்த காக்கி உடுப்புகள். நனைந்தால் அயன் மடிப்பு கலைந்துவிடும் என்று பாலிதீன் உறையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டே பழைய வண்ணாரப்பேட்டை வரை போனாள்.

தேவப்பிரியம் அண்ணாச்சியின் கடை யூனிஃபார்ம் துணிக்கென்றே இருக்கிற மொத்தக் கடை. திசையன்விளைப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருஷம் ஆகிறது. பேச்சு மட்டும் ஊரை விட்டுக் கிளம்பவே இல்லை. யார்டு வேலையைப் பிடித்து வருவது அவர். துணி கொடுத்து, தைத்து வாங்கி, தன் கடைப் பெயரில் பில் போட்டு, கூலியைச் செங்கொடிக்குக் கொடுப்பார். ஆறு வருஷமாக அப்படித்தான் நடந்தது.

அன்றைக்கு அவர் உருப்படிகளைப் பிரித்துப் பார்க்கவில்லை.

"ஒக்காரும்மா. ஒரு சங்கதி சொல்லணும். இந்த யார்டு வேலய இனி எம்பேருல பில்லு போட முடியாது. ஆடிட்டரு சத்தம் போடுதாரு. தைக்கது நீ, பில்லு போடுதது நான். நாளைக்கு ஒருத்தன் வந்து கேட்டா என்ன சொல்ல?"

"அப்ப வேலை போச்சா அண்ணாச்சி?"

"போவல. ஒனக்கே நேரா ஆர்டர் குடுக்கச் சொல்லி யார்டுல பேசிட்டேன். வருசத்துக்கு எரநூத்தி எம்பது உருப்படி. துணி மட்டும் எங்கிட்ட எடு, அது போதும். ஆனா ஒங்க கம்பெனி பேருல கரன்ட் அக்கவுண்ட் வேணும்னு கேக்காங்க. சாதா சேவிங்ஸ்ல பணம் போட மாட்டாங்களாம். மாசக் கடைசிக்குள்ள நம்பரக் குடுத்துரு. இல்லாட்டி வேற ஆளப் பாத்துருவாங்க."

"கம்பெனியா? எனுக்கு இன்னா அண்ணாச்சி கம்பெனி கீது? ரெண்டு மிஷின் கீது."

"அதாம்மா கம்பெனி."

அன்று தேதி ஏழு.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் தரைத்தளத்து வீடு அவர்களுடையது. வாசலை ஒட்டிய ஜன்னலோரம் தையல் மிஷின், அதை ஒட்டித் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக், எதிர்ச்சுவரில் அம்பேத்கர் படமும் அதற்குக் கீழே சின்னதாக ஒரு புத்தர் சிலையும். மேஜையில் அவள் புருஷன் வல்லரசு இடது கையால் அயன் செய்துகொண்டிருப்பான். ஹார்பரில் கப்பல் மேல் ஏறிக் கன்டெய்னர்களை இரும்புக் கம்பி போட்டுக் கட்டுவதும் அவிழ்ப்பதும் அவன் வேலையாக இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்பி நழுவி வலது கையில் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது, விரல்கள் பழையபடி மடங்கவில்லை. அதற்குப் பிறகு அயன், நூல் பிசிறு வெட்டுவது, சமையல் எல்லாம் அவன் பொறுப்பு. கை போன பிறகு சமையலில் கை வந்தது என்று அவனே சொல்லிக்கொள்வான்.

அன்றைக்கு நெத்திலிக் குழம்பு. மாங்காய் போட்டிருந்தான். சாப்பிடும்போது செங்கொடி விஷயத்தைச் சொன்னாள். மகள் மாயா பி.காம். இரண்டாம் வருஷம். சோற்றில் கையை வைத்தபடியே, "சூப்பர்மா! சோல் புரொப்ரைட்டர். எங்களுக்குப் பாடமே கீது" என்றாள்.

"அப்பா பேர்ல போடு" என்றாள் செங்கொடி.

வல்லரசு நிமிர்ந்தான். "எம்பேர்ல எதுக்குமே? தைக்கிறது நீ."

"நீயுந்தான் கீற. எனுக்கு அதெல்லாம் தெரியாது மாமா. உன் பேர்லதான் போடணும்."

காரணத்தை அவள் சொல்லவில்லை. போன மாதம் தங்கச்சி வீட்டு வளைகாப்பில் எவளோ ஒருத்தி, "மாமா இன்னும் வூட்லதான் குந்திகினு கீறாரா?" என்று கேட்டாள். வல்லரசு காதில் விழுந்தது. அவன் எழுந்துபோய்ப் பந்தியில் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்துவிட்டான். ஒரு கம்பெனிக்கு ஓனர் என்று அவன் பெயர் எங்கேயாவது எழுதியிருந்தால் நன்றாயிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

"பாப்போம்" என்றான் வல்லரசு. குழம்பை இன்னொரு கரண்டி அவள் தட்டில் ஊற்றினான்.

மாயா போனிலேயே சிறுதொழில் பதிவைப் போட்டாள். வல்லரசின் ஆதார் எண்ணைக் கேட்டாள், அவன் போனுக்கு வந்த நம்பரைக் கேட்டாள், சர்டிபிகேட் வந்துவிட்டது. மாயா வொர்க்வேர், உரிமையாளர் வல்லரசு. அதைத் தெருமுனைக் கடையில் கலர் பிரின்ட் எடுத்து வந்தார்கள். வல்லரசு அதை வாங்கிப் பார்த்தான். இரண்டு தரம் படித்தான். பீரோவில் துணிக்கு அடியில் வைத்தான்.

அதற்கப்புறம்தான் பேஜாரு தொடங்கியது.

முதலில் வந்தவர் தனியார் பேங்க் ஒன்றின் ஜெபின். மழையில் நனைந்த டையோடு வீட்டுக்கே வந்து, டேப்லெட்டில் எல்லாம் காட்டினார். ரெண்டே நாளில் அக்கவுண்ட், கார்டு, பணம் வந்தால் சத்தமாகச் சொல்லுகிற ஸ்பீக்கர். முதல் வருஷம் மினிமம் பேலன்ஸ் கிடையாது.

"ரெண்டாம் வருஷம்?" என்று கேட்டான் வல்லரசு.

"சராசரியா பத்தாயிரம் இருந்தா போதும் சார்."

"இல்லன்னா?"

"சின்னதா ஒரு சார்ஜ்."

"சின்னதுன்னா எம்மாம் சின்னது?"

ஜெபின் சொன்ன தொகையைக் கேட்டு வல்லரசு தலையாட்டினான். அவர் டீயைக் குடித்து முடித்துக் கிளம்பிய பிறகு, "வேணாம்" என்றான். "நம்ப பணம் இல்லாதப்போ நம்ப கிட்டயே புடிப்பானாம். நல்லா கீதே கத."

சரி என்று அடுத்த வாரம் எம்.கே.பி. நகர் பக்கம் ஒரு பேங்குக்கு மூன்று பேரும் போனார்கள். வல்லரசு வாசல் வரை வந்து உள்ளே எட்டிப் பார்த்தான். ஏசி ஜாஸ்தி, தலைவலிக்கும் என்று வெளியிலேயே நின்றுகொண்டான். மூன்றாவது ஒரு சின்ன பேங்க், புதிதாகப் பெயர் மாற்றியது. "இப்பத்தான் பேர மாத்திகினு கீறான். நாளிக்கி ஆளையே மாத்திடுவான்" என்றான். மாயா, பேங்குக்கே போக வேண்டாம், போனிலேயே கரன்ட் அக்கவுண்ட் திறக்கலாம் என்று ஒரு ஆப்பைக் காட்டினாள். அவன் அதை அக்கறையாகப் பார்த்தான். வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டு கேமராவில் காட்டச் சொல்லும் இடம் வந்ததும், "போன் தொலஞ்சா கம்பெனியே தொலஞ்ச மாதிரி" என்று அதையும் திருப்பிக் கொடுத்தான்.

இதற்குள் தேதி இருபத்துமூன்று. ஒவ்வொரு தடவையும் அரை நாள் மிஷின் நின்றது. செங்கொடிக்கு ஆத்திரம் முதுகுத்தண்டில் ஏறிக்கொண்டிருந்தது. தைத்துக்கொண்டிருந்தவள் மிஷினை நிறுத்தினாள்.

"யோவ், ஒனுக்கு இன்னாதான் வேணும்? கம்பெனி வேணாமா? பொண்டாட்டி மேல வந்துடுவான்னு கீதா மனசுல? ஒயுங்கா சொல்லு."

"அதெல்லாம் ஒண்ணுமில்லமே."

"அப்ப நாளிக்கி கொருக்குப்பேட்ட கவர்மென்ட் பேங்குக்குப் போறோம். நீ வர. ஏசி இருந்தாலும் வர, நெருப்பு எரிஞ்சாலும் வர."

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் மாடியில் இருந்தது அந்த பேங்க். படியெல்லாம் ஈரச் செருப்புத் தடம். ஏசி இல்லை, மின்விசிறிதான். வல்லரசு வெளுத்த சட்டை போட்டு, தலையைப் படிய வாரி வந்திருந்தான். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு அழைத்தார்கள். மேஜையில் இருந்த அதிகாரியின் பெயர்ப் பலகையில் ஷிஜி என்றிருந்தது. மார்த்தாண்டத்துப் பெண், முப்பது வயது இருக்கும். சர்டிபிகேட்டைப் பார்த்தார், பான் கார்டைப் பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்கு சார். இவ்வளவு கிளீனா யாரும் கொண்டு வரதில்ல. இங்க சைன் பண்ணுங்க, பின்ன இங்க, பின்ன போட்டோவுக்குக் குறுக்க. மொத்தம் ஏழு இடம். பான் கார்டுல உள்ள மாதிரியே இருக்கணும்."

வல்லரசு பேனாவை எடுத்தான். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பேனாவைப் பிடித்தன. நடுவிரல் நீட்டிக்கொண்டே நின்றது. ஆங்கிலத்தில் 'வி' போட்டான், புள்ளி வைத்தான். அடுத்த எழுத்துக்குப் போகும்போது பேனா சறுக்கிக் கட்டத்தைத் தாண்டியது. ஷிஜி வேறு படிவம் கொடுத்தார். அவன் முழங்கையை மேஜையில் அழுத்திக்கொண்டு மறுபடி போட்டான். முதல் கையெழுத்து சாய்ந்திருந்தது, இரண்டாவது நெளிந்திருந்தது, மூன்றாவதில் பாதிப் பெயரைக் காணோம். நெற்றியில் வியர்த்துவிட்டது. செங்கொடி அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை அயன் பெட்டியைப் பிடிக்காது என்று அவளுக்குத் தெரியும். தன் பெயரை எழுதாது என்று அவளுக்குத் தெரியாது.

ஷிஜி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கைக்கு என்ன ஆச்சு சார்? பரவாயில்ல. கைரேகை வெச்சும் அக்கவுண்ட் திறக்கலாம். ஆனா செக் புக் தர முடியாது. பணம் எடுக்க ஒவ்வொரு வாட்டியும் நீங்களே வரணும். கம்பெனி கணக்குக்கு அது கஷ்டம். அதான் யோசிக்கிறேன்."

வல்லரசு பேனாவின் மூடியைப் போட்டு மேஜையில் வைத்தான். எழுந்தான். ஈரப் படிகளில் இறங்கிப் போனான்.

"மேடம், நான் அப்பால வரேன்" என்று செங்கொடி காகிதங்களை அள்ளிக்கொண்டு ஓடினாள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. நூறு வண்டிகளுக்கு நடுவில் அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். கூட்ஸ் ஒன்று ஆமை மாதிரி ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. மேகம் மறுபடியும் கறுத்திருந்தது. மணலிப் பக்கத்திலிருந்து கேஸ் வாடை அடித்தது. அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"நாலு வருஷமா என்கிட்ட சொல்லல நீ."

"இன்னான்னு சொல்றது? கையெழுத்து வரலன்னா?"

"அப்டித்தான் சொல்றது."

வண்டிப் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்தன.

"ஏடிஎம்ல எடுத்துகினு இருந்தேனா, யாருக்கும் தெரியல" என்றான் அவன். "ஒரு தபா அட்ரஸ் மாத்தறதுக்கு நம்ம பழைய பேங்குக்குப் போனேன். அஞ்சு வாட்டி போடச் சொன்னான். அஞ்சும் அஞ்சு மாதிரி. பின்னால லைன் நிக்குது. படிக்காதவர்னா கைநாட்டு வெச்சிட்டுப் போங்க, ஏன் டைம் வேஸ்ட் பண்றீங்கன்னான். சத்தமா. பேப்பர மடிச்சி ஜோபில வெச்சிகினு வந்துட்டேன்."

"அவன் கெடக்கறான்."

"எங்கப்பன் கைநாட்டுமே. கூலி வாங்கற அன்னிக்கி கட்டவெரல்ல மையோட வூட்டுக்கு வருவான். கழுவுனாலும் போவாது. அந்த வெரலோட சோறு பெசஞ்சி குடுப்பான், நான் துன்ன மாட்டேன்னு அயுவேன். பத்தாவது வரிக்கும் நான் படிச்சதே அதுக்குத்தான். கேங்குல பதினெட்டு பேரு. இங்கிலீஷ்ல கையெழுத்து போடறவன் நான் ஒர்த்தன்." அவன் வலது கையைப் பார்த்தான். "மத்தியானத்துல நீ டெலிவரிக்குப் போனப்புறம் எழுதி எழுதிப் பாக்கறேன். வரமாட்டேங்குது."

செங்கொடிக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"அதுக்கு? ரெண்டு வாரமா என்னை அலைய வுடுவியா? மிஷின நிறுத்திட்டு, ஆட்டோவுக்குக் குடுத்து, அந்த டை கட்டினவருக்கு டீ போட்டு... ஏசி ஜாஸ்தின்னியேய்யா! தலவலிக்கும்னியே!"

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வல்லரசு முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. அவனும் சிரிக்கிறான் என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பக்கத்தில் பைக்கில் இருந்தவர் இரண்டு பேரையும் ஒரு மாதிரி பார்த்தார்.

"உன் பேர்ல போடு" என்றான் கடைசியில். "நான் மொதல்லியே சொன்னேன்."

"எனுக்கு பயமா கீது மாமா. இத்தினி நாளு அண்ணாச்சி பேரு. அப்பால உன் பேருன்னு நெனச்சேன். யார்னா எதுனா கேட்டா நான் பின்னால நின்னுக்கலாம். இப்போ நானே முன்னால நிக்கணும்."

"நின்னுகினுதானே கீற. கை வுட்டப்புறம் இந்த வூட்ல யாரு முன்னால நின்னது?"

கேட் திறந்தது. வண்டிகள் உறுமிக்கொண்டு கிளம்பின. அவன் அவள் கையிலிருந்த காகிதக் கட்டை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். தூறல் ஆரம்பித்திருந்தது.

அன்று சாயங்காலம் மாயா பழைய பதிவைத் தூக்கிவிட்டு அம்மா பெயரில் புதிதாகப் போட்டாள். அப்பா கையைப் பற்றி அவளிடம் சொன்னதும் போய் அவன் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். பிறகு, "ஆனா டைம் இல்லம்மா, ஜெபின் சார் பேங்க்லயே போட்டுடு, ரெண்டு நாள்ல முடிஞ்சிடும்" என்றாள்.

செங்கொடி யோசித்தாள். யார்டு பணம் கொடுப்பது உருப்படி போய் அறுபது நாள் கழித்து. அதற்கு முன் துணிக்கும் பட்டைக்கும் ஜிப்புக்கும் கையிலிருப்பது போய்விடும். வருஷத்தில் பாதி நாள் அக்கவுண்ட் காலியாகத்தான் கிடக்கும். அந்த மாதங்களில் பத்தாயிரத்துக்கு எங்கே போவது?

"வேணாம்" என்றாள். "நம்ப பணம் இல்லாதப்போ நம்ப கிட்டயே புடிப்பான். அப்பா சொன்னது கரெக்ட்டுதான்."

அயன் செய்துகொண்டிருந்த வல்லரசு திரும்பிப் பார்த்தான். "மெய்யாலுமா சொல்ற?"

"நீ டபாய்க்கறதுக்குத்தான் சொன்ன. ஆனா கரெக்ட்டா சொன்ன. கொருக்குப்பேட்ட பேங்க்ல கம்மியா வெச்சாலே போதும். நடந்தே போய்ட்டு வரலாம். அந்த மேடமும் நம்பள மனுஷங்களா பாத்துச்சி. லேட்டானா ஆவட்டும், கேட்டுப் பாக்கலாம்."

மறுநாள் காலை கதவு திறக்கும்போதே மூன்று பேரும் மாடியில் நின்றார்கள். ஏழு இடத்திலும் செங்கொடி தமிழில் கையெழுத்துப் போட்டாள். வாரிசு நியமனம் என்ற இடத்தில் வல்லரசு, கணவர் என்று எழுதினாள். ஒரு வாரம் ஆகும், தொழில் நடக்கிற இடத்தை வந்து பார்க்க வேண்டும் என்றார் ஷிஜி. முப்பதாம் தேதி கெடு என்று கேட்டதும் காலண்டரைப் பார்த்தார். "நாளைக்கு சாயங்காலம் நானே வாறேன்" என்றார்.

குடையை மடித்தபடி ஷிஜி உள்ளே வந்தபோது வீடு முழுக்கக் காக்கி. வல்லரசு மிளகாய் பஜ்ஜி போட்டிருந்தான். மிஷினோடு செங்கொடியைப் படமெடுத்துவிட்டு, "வேற யாரு வேலை செய்யறா?" என்று கேட்டார்.

அடுப்படிப் பக்கம் நின்ற வல்லரசு கரண்டியைக் கீழே வைத்தான். "அயனு, பிசிறு, டெலிவரி மூட்ட கட்டறது, நான்" என்றான்.

"அப்ப நீங்களும் வாங்க சார், படத்துல."

அவன் அயன் பெட்டியை இடது கையில் எடுத்துக்கொண்டு வந்து மேஜைக்குப் பின்னால் நின்றான்.

இருபத்தொன்பதாம் தேதி அக்கவுண்ட் நம்பர் வந்தது. செங்கொடி யார்டுக்குப் போன் செய்து ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். அங்கே கணக்குப் பிரிவில் இருந்த அம்புரோஸ் எழுதிக்கொண்டு, "நம்பர் சரிம்மா. கேன்சல்டு செக் ஒண்ணு போட்டோ எடுத்து அனுப்பிடுங்க" என்றார். செக் புக் தபாலில் வர இன்னும் நாலு நாள் ஆகும் என்று அவள் கெஞ்சினாள். "திங்கக்கிழமை வரைக்கும் ஃபைலை நான் வெச்சிருக்கேன். அதுக்கு மேல முடியாது" என்றார்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குத் தபால்காரர் வந்தார். உறையைப் பிரித்தால் புத்தம் புது செக் புக். ஒவ்வொரு தாளிலும் மாயா வொர்க்வேர் என்று அச்சடித்திருந்தது. செங்கொடி விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அம்புரோஸ் சொன்னது நினைவு வந்தது.

"மொதல் செக்கையே கேன்சல் பண்ணணுமா? இன்னாடி மாயா இது?"

"அது பணம் எடுக்கறதுக்கு இல்லம்மா. அக்கவுண்ட் நெசமா கீதான்னு பாக்கறதுக்கு. குறுக்கால ரெண்டு கோடு போட்டு நடுவுல கேன்சல்டுன்னு இங்கிலீஷ்ல எழுதணும். அவ்ளோதான். கையெழுத்துகூட வேணாம்."

செங்கொடி பேனாவை எடுத்தாள். அவளுக்கு ஆங்கிலம் எழுத வராது. மாயாவிடம் நீட்டப் போனவள் நிறுத்தினாள். மேஜையைப் பார்த்தாள்.

"மாமா, நீ எழுது."

"நானா?" வல்லரசு அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "கோணலா வரும்."

"வரட்டும். இத்த எதோடயும் ஒத்துப் பாக்க மாட்டாங்களாம்."

அவன் மாயாவைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். வல்லரசு கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். வலது கையில் பேனாவைப் பொருத்தி, இடது கையால் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். தாளின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஒரு கோடு. அதற்குக் கீழே இன்னொன்று. இரண்டும் நடுவில் கொஞ்சம் நெருங்கி, பிறகு விலகிப் போயின. அவன் ஒரு மூச்சு விட்டுக்கொண்டு முதல் எழுத்தைப் போட்டான்.

ஒன்பது எழுத்து. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. வெளியே யாரோ மீன்காரியைக் கூப்பிட்டார்கள். செங்கொடி மிஷினில் உட்கார்ந்தவள் மிதியில் காலை வைக்காமல் இருந்தாள், மேஜை அதிரக் கூடாது என்று. கடைசி எழுத்தை முடித்து அவன் பேனாவை எடுத்ததும், "அப்படியே இருப்பா, அசையாத" என்று மாயா போனைத் தாளுக்கு நேரே பிடித்தாள்.